வலதுகைத் தாம்பூலம்

கரண்டியைக் கீழுதட்டில் வைத்து லேசாக அழுத்தினால்தான் வாய் திறக்கும். திறந்ததும் நாக்கின் நடுவில் கஞ்சியை விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டுக் குரல்வளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அது ஒரு தரம் ஏறி இறங்கினால் கஞ்சி போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்று கணக்கு, இறங்காத வரைக்கும் தேர் நிலைக்கு வராத மாதிரிதான், யாரும் வீட்டுக்குப் போக முடியாது. தமயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்துமாவுக் கஞ்சி, இட்லிமாவுப் பதம். தண்ணியாக இருந்தால் புரையேறும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அதே பதம். இப்போதெல்லாம் அவள் அளந்து போடுவதில்லை, கை போட்டுவிடுகிறது, கை கிண்டுகிறது, கை ஆற்றுகிறது, கை கட்டிலின் தலைமாட்டைத் திருகி உயர்த்துகிறது, அவள் எங்கேயோ பின்னால் நடந்து வருகிறாள். போன வாரம் பால் பாத்திரத்தைத் துணி இல்லாமல் தூக்கிவிட்டாள், விரலில் கொப்புளம் வந்திருந்ததைச் சாயங்காலம் சோப்புப் போடும்போதுதான் பார்த்தாள். வலித்ததா என்று யோசித்துப் பார்த்தாள். வலித்திருக்கும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது, லோடு ஆட்டோவோ என்று காது வாசலுக்குப் போயிற்று. இல்லை, தண்ணீர் லாரி. லோடு ஆட்டோ என்றால் தடதடவென்று தட்டுமுட்டுச் சாமான் உருளுகிற சத்தம் கேட்கும். வெயில் ஏறும் முன்னால் வந்துவிடுவேன் என்று இந்திராணி சொல்லியிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. குரல்வளை ஏறி இறங்கியது. அடுத்த கரண்டி.

வேலாயுதம் சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றார். மெல்லுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது, ஆனாலும் மெல்லுவார், கல்யாணமான நாளிலிருந்தே எதையும் மென்று தின்கிற மனுஷன், அவர் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் இவள் பாத்திரம் கழுவி முடித்திருப்பாள். பைபாஸ் ரோட்டில் எடைமேடை வைத்திருந்தார். மக்காச்சோள லாரியும் பருத்தி லாரியும் மேடையில் ஏறி நிற்கும், அவர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார், அந்தக் கூண்டுக்குள்ளேயே ஒருநாள் சாய்ந்துவிட்டார். பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது, போகிற போக்கில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கீழே போட்டுவிட்டுப் போனது. சரி. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. ஃபேன் நின்றாலும் சரி, கரண்ட் வந்தாலும் சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அதிகம் புழங்கின வார்த்தைதான் சில பேருக்குத் தங்கும்மா என்றாள். அது சிரிக்க வேண்டிய இடம், தமயந்திக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்குச் சரி, தங்கச்சிக்குச் சரி, பங்காளிகளுக்குச் சரி, யார் எதைக் கேட்டாலும் அவர் ஒரு சரி சொல்லிவிட்டு எடைமேடைக்குப் புறப்பட்டுப் போய்விடுவார், அந்தச் சரியை எடுத்துச் செய்து முடிக்க வேண்டியவள் வீட்டில் இருந்தாள். சொன்னது அவர் வாய், ஒடிந்தது இவள் இடுப்பு. அவரைக் குறை சொல்லவும் முடியாது, நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று ஊரே சொன்னது. நல்ல மனுஷனின் பொண்டாட்டியாக இருந்து பார்த்தால் தெரியும்.

நேற்றும் அதே சரிதான். சாயங்காலம் அவள் பின்னால் துவைக்கிற கல்லில் அவருடைய படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தபோது இந்திராணி வந்திருக்கிறாள். அவருக்குக் கூடப்பிறந்த ஒரே தங்கை, நாலு தெரு தள்ளி வீடு, வீடு என்று இப்போது சொல்ல முடியாது, இடித்துப்போட்டு மாடி எடுத்துக் கட்டுகிறார்கள், சிமெண்டுத் தூசியில் மனுஷன் நிற்க முடியவில்லை, ஒரு அறையில் அவளும் புருஷனும் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். மகள் அபிநயாவுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், தாய்வீட்டில் கூரை இல்லை. அதனால் தாய்மாமன் வீடு. பெற்று எழுந்து, பத்தியம் முடிந்து, பிள்ளைக்குத் தலை நிற்கிற வரைக்கும். இதை இந்திராணி வெறும் வாயால் கேட்கவில்லை, முறையாகக் கேட்டாள், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அண்ணனிடம் நீட்டிக் கேட்டாள். இந்தப் பக்கத்தில் அது சும்மா மரியாதை கிடையாது, வெற்றிலையைக் கையில் வாங்கியாயிற்று என்றால் காரியத்தைத் தலையில் வாங்கியாயிற்று, அப்புறம் பின்வாங்கினால் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். யாரும் இடது கையில் தாம்பூலம் கொடுப்பதில்லை. இந்திராணியும் அண்ணனின் வலது கையை எடுத்து அதில்தான் வைத்திருக்கிறாள். அந்தக் கை மூடிக்கொண்டது. அவர் சரி என்றார். தமயந்தி ஈரக் கையோடு உள்ளே வந்தபோது இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். “அண்ணனே வாங்கிக்கிட்டாக மதினி. வாய் நெறையச் சரின்னாக. பிடிச்ச பிடிய விடல பாருங்க.” நாளைக்கே அபிநயாவின் கட்டிலும் பீரோவும் வந்துவிடும், பிள்ளை பிறகு நல்ல நாள் பார்த்து வருவாள் என்றாள். தமயந்தி ம் என்றாள். அந்த ம் எப்படி வந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை, இருமல் மாதிரி, விக்கல் மாதிரி அது பாட்டுக்கு வந்தது. வீட்டில் ஒருத்தருக்குச் சரி மிச்சம், இன்னொருத்திக்கு ம் மிச்சம். குரல்வளை. ஏறியது, இறங்கவில்லை, இரு, இரு, இறங்கியது.

கையைப் பற்றி அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அந்த வலது கை அப்படித்தான், உள்ளங்கையில் எது பட்டாலும் மூடிக்கொள்ளும், துண்டு, கட்டில் கம்பி, அவள் முந்தானை, ஒரு தரம் குனிந்தபோது அவள் பின்னல். பிடித்தால் விடாது. அவர் பிடிப்பதும் இல்லை, விடாமல் இருப்பதும் இல்லை, கை அது பாட்டுக்குச் செய்கிறது, அவருக்கே தெரியாது. தினமும் காலையில் வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்து, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, உள்ளங்கையைத் துடைப்பாள். நகம் பதிந்த தழும்பு வரிசையாக இருக்கும், புளித்த மாவு வாசனை வரும். முதலில் அந்த வாசனை குமட்டியது, பிறகு குமட்டவில்லை, பிறகு வாசனையே வருவதில்லை. இது வேறு யாருக்கும் தெரியாது, தெரிய வழியில்லை, ஏனென்றால் பார்க்க வருகிறவர்கள் யாரும் அந்தக் கையைத் தொடுவதில்லை. போர்வைக்கு மேலேயே காலைத் தொட்டுவிட்டு, நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இந்திராணி கண்ணீர் விடாமல் ஒருநாளும் போனதில்லை, அண்ணன் மேல் உயிர்தான், ஒருநாளும் ஒரு வாய் கஞ்சி ஊட்டியதும் இல்லை. மதினி கைபட்டாத்தான் அண்ணனுக்கு இறங்கும் என்பாள். பாராட்டு மாதிரித்தான் இருக்கும். இப்போது அந்தக் கை போர்வைக்கு மேலே கிடந்தது, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வெற்றிலையின் நுனி பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி படுக்கப்போகும்போதே அதைப் பார்த்தாள். பிரித்து எடுத்திருக்கலாம். ஒரு இலைதானே, உறுத்தாது என்று விட்டுவிட்டாள். காலையிலும் வெந்நீர்த் துணி வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை, அவசரம், என்ன அவசரம், ஆட்டோ வருகிறது. ஆட்டோ வந்தால் என்ன. வெற்றிலை கறுக்க ஆரம்பித்திருந்தது.

ஒவ்வொன்றும் சின்னது. அதுதான் விஷயம், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவுமே பெரிதில்லை, அதற்குப் போய் முடியாது என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நீங்க வீட்டுலதான இருக்கீக மதினி, எங்க வீட்டு சிலிண்டரு வந்தா வாங்கி வச்சிருங்க. நீங்க வீட்டுலதான இருக்கீக, எங்க மாமியார் திதிச் சமையல இங்கயே வச்சுக்கிடலாம். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கணும், வத்தல் காயப்போடணும், கல்யாணத்துக்குச் சீர் முறுக்கு உங்க கைப்பதம் யாருக்கும் வராது. வீட்டில்தானே இருக்கிறாள், உண்மைதான், வீட்டில்தான் இருக்கிறாள், கட்டுத்தறியில் மாடும்தான் இருக்கிறது. போன வாரம் இந்திராணியின் வீட்டுச் செங்கல் லாரிக்காரன் இங்கே வந்து வழி கேட்டு நின்றான், அவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தவள் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போய் வழி சொன்னாள். பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று ஒரு பழமொழி இருக்கிறது, கரையில் நிற்கிறவன் சொன்ன பழமொழியாகத்தான் இருக்கும். முழுகுகிறவளுக்குச் சாண் வேறு, முழம் வேறு. ஆனால் அபிநயா. அபிநயாவுக்கு இந்த வீட்டில்தான் முதல் சடை பின்னியது, தாழம்பூ வைத்துத் தைத்த சடை, அவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிக் கடைசியில் அத்தே கண்ணாடி காட்டு என்றாள். வளைகாப்புக்குப் புடவை எடுக்கப் போகும்போது வந்துவிட்டுப் போனாள், பாதம் வீங்கிச் செருப்பு வார் அழுத்தியிருந்தது, அத்தே கால் வலிக்கி என்றாள். அந்தப் பிள்ளை மேல் பிரியம் இருக்கிறதா என்று தமயந்தி தனக்குள் தேடினாள். இருந்தது. டிரங்குப் பெட்டியில் அடியில் போட்ட பட்டுச்சேலை மாதிரி எங்கேயோ இருந்தது, எடுக்க வேண்டும் என்றால் மேலே இருக்கிற எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டும், அதற்குத் தெம்பு இல்லை. அடுத்த கரண்டி.

போட்டுக்கிடலாம். அந்த வார்த்தைதான் ராத்திரியிலிருந்து தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி நிற்கிறது. பாத்ரூம் ஒட்டினாற்போல் இருக்கிற அறை இது ஒன்றுதான், பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்த அறைதான் தோது, அண்ணன ஹால்ல போட்டுக்கிடலாம் மதினி, அவருக்கும் காத்தோட்டமா இருக்கும் என்று இந்திராணி நேற்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழைய நாற்காலியைப் போடுகிறோம், கட்டிலைப் போடுகிறோம், அண்ணனைப் போடுகிறோம். ஹாலில் வாசல் கதவுக்கு நேரே அவரைப் போட்டால் வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான், மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பார்க்க வரும்போது இவருக்கு இடுப்புக்குக் கீழே துணி மாற்றுகிற நேரமாக இருக்கும். குளிப்பாட்டத் தண்ணீர் ஹாலுக்குத் தூக்க வேண்டும். இங்கே கஞ்சி, அங்கே பூண்டுக் குழம்பு, இங்கே இவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும், அங்கே பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். ஒரு ஆளப் பாக்கிற கைக்கு ரெண்டு ஆளு பெரிசா என்று இந்திராணியின் புருஷன் கேட்டானாம். பெரிசா. போன செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில் இதே கிண்ணத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. ஏதோ ஒரு சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ மரப்பெட்டியை இழுக்கிற மாதிரி கரகரவென்று கேட்டது, யார் வீட்டில் என்ன இழுக்கிறார்கள் என்று அவள் நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தாள். சத்தம் இவர் தொண்டையிலிருந்து வந்தது. குரல்வளை இறங்கும் முன்னாலேயே கை அடுத்த கரண்டியை வைத்திருக்கிறது, அதற்கு அடுத்ததையும் வைத்திருக்கிறது, வாயில் கஞ்சி முட்டி நின்றது, உதடு நீலம் பாரித்துவிட்டது, கண் இரண்டும் அவளையே பார்த்தன. சாய்த்துப் போட்டு முதுகில் தட்டி விரலை விட்டு வழித்து எடுத்தாள், பிழைத்துக்கொண்டார், மூச்சு வந்ததும் சரி என்றார். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சநேரம் இருந்தது. நீல உதட்டைப் பார்த்துக்கொண்டு, இது நீலம், என்று மட்டும் அவளுக்குத் தோன்றிய கொஞ்சநேரம். பயம் வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. அந்தக் கொஞ்சநேரத்தை நினைத்தால்தான் இப்போது பயம், அதுவும் தூரத்தில், யாருடைய பயமோ மாதிரி. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு ஆளும் இந்த வீட்டுக்குள் வந்தால், அதுவும் அழத் தெரிந்த பச்சைப்பிள்ளை வந்தால், காது அங்கே போகும், கை இங்கே அது பாட்டுக்கு வைத்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான். அதைத்தான் சொல்ல வேண்டும், அதை மட்டும் சொல்ல வாய் வராது.

ஓசூரில் வேலை பார்க்கிற மகன் போனில் சுலபமாகச் சொல்லிவிட்டான், முடியாதுன்னு சொல்லிரும்மா, இதுல என்ன இருக்கு என்று. அவனுக்கு என்ன, அவன் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். அவள் காலையில் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தாள், இந்திராணி சொல்லப்போகிற பதிலையும் சேர்த்து. எனக்குப் பிரஷர் இருக்கு இந்திராணி. இருந்தா என்ன மதினி, நானே மாத்திரை வாங்கியாந்து தாரேன். எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. அதான் அபி இருக்கப்போறாளே, பேச்சுத்துணைக்கு ஆச்சு. சமைக்க முடியல. ஆள் போட்டுருவோம். தண்ணி வராது. லாரி சொல்லிருவோம். இந்திராணி சாமர்த்தியசாலி, ஒரு காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு வழி வைத்திருப்பாள், எல்லா வழியும் கடைசியில் இந்த அடுப்படிக்குத்தான் வந்து சேரும். காரணமே சொல்லக் கூடாது. காரணம் சொல்லாமல் எப்படி முடியாது என்பது. மொட்டையாக இருக்கும். மொட்டையாகச் சொன்னால் ஊர் என்ன பேசும் என்று தெரியும், தாய்மாமன் படுத்ததும் தாய்மாமன் வீட்டுக் கதவும் சாத்திருச்சு என்று பேசும், நாளைக்கு இவருக்கு ஒன்று ஆனால் தூக்குவதற்கும் அந்த நாலு பேர்தான் வர வேண்டும். முடியாது. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சொன்னாள். முடியாது, முடியாது. சொல்லச் சொல்ல வார்த்தை சப்பென்று ஆகிவிட்டது, அர்த்தம் கழன்றுபோய் வெறும் சத்தமாக நின்றது. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஆறினால் கெட்டிப்படும். குரல்வளை ஏறி இறங்கியது. வாசலில் தடதடவென்று தட்டுமுட்டுச் சாமான் உருளுகிற சத்தம் வந்து நின்றது, ஹாரன் ஒரு தரம் அடித்தது.

இந்திராணி உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். வண்டிக்காரரை இருக்கச் சொல்லியிருக்கிறேன், முதலில் அண்ணன் கட்டிலை ஹாலுக்கு நகர்த்திவிட்டால் அப்புறம் பீரோவை இறக்கலாம், சுவர் ஓரமாகப் போட்டால் இடம் நிறைய இருக்கும், திரைச்சீலை ஒன்று வாங்கிவிடலாம். தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தாள், முகத்தில் நல்ல காரியம் நடக்கிற வீட்டின் களை இருந்தது, முந்தானையில் சிமெண்டுத் தூசியும் இருந்தது. பையிலிருந்து ஆப்பிள் எடுத்து ஜன்னலில் வைத்தாள். தமயந்தி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். “இந்திராணி, என்னால முடியாது” என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை, பால்காரரிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்வது மாதிரி வந்தது. இந்திராணி சிரித்தாள். கட்டிலை உங்களை யார் தூக்கச் சொன்னது மதினி, வண்டிக்காரர் தூக்குவார், கூட ஒரு ஆளும் வந்திருக்கிறார் என்றாள். தமயந்திக்கு அங்கேயே விட்டுவிடலாம் போல இருந்தது. சொல்லியாயிற்று, கேட்கவில்லை, நான் என்ன செய்ய என்று தனக்குள் முடித்துக்கொண்டு எழுந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துவிடலாம், கை பிடித்துவிடும், கைக்கு அது பழக்கம். கட்டில் கம்பியைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதட்டோரத்தில் கஞ்சி இருந்தது. துண்டால் துடைத்தாள். “கட்டில் இல்ல. அபிநயாவ இங்க வச்சுப் பாக்க என்னால முடியாது.”

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இந்திராணியின் முகத்திலிருந்து களை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கோபம் வரவில்லை, முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. ஏன், என்ன ஆச்சு, உடம்புக்கு முடியலையா, ஆள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாமே என்று வழிகளை எடுத்து வைத்தாள், தமயந்தி ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் மாட்டிக்கொள்வாள் என்று தெரியும். அப்புறம் இந்திராணி கட்டிலைக் காட்டினாள். குரல் ஒரு படி ஏறியிருந்தது. “அண்ணன் வாங்கிட்டாக மதினி. வெத்தல வாங்கின கை. இன்னும் பிடிச்சுக்கிட்டுல்லா இருக்காக, விடாம.” தமயந்தி அந்தக் கையைப் பார்த்தாள். விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால் நிறையச் சொல்ல வேண்டும், நரம்பு, மூளை, வெந்நீர்த் துணி, பின்னல், எல்லாம் சொல்ல வேண்டும். “அத எடு” என்றாள். “எத?” “வெத்தலைய. எடுத்துப் பாரு.” இந்திராணி தயங்கிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், இரண்டு வருஷத்தில் அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தன் இரண்டு விரலை விட்டு இலையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையில் விரல் பட்டதும் கை இறுகியது. இலை கிழிந்து நுனி மட்டும் வந்தது, இந்திராணியின் இரண்டு விரலும் உள்ளே நின்றுவிட்டன.

முதலில் சிரித்தாள், அண்ணன் சின்னப்பிள்ளையில் விளையாடுவது மாதிரி பிடிக்கிறார் என்று நினைத்த சிரிப்பு. இழுத்தாள். வரவில்லை. வளையல் கட்டில் கம்பியில் இடித்தது. “விடுங்கண்ணே” என்றாள். “சரி” என்றார் வேலாயுதம். விடவில்லை. வலிக்குண்ணே, விடுங்க என்று மறுபடியும் இழுத்தாள், சரி என்று அவரும் மறுபடியும் சொன்னார், தங்கச்சி கேட்டு அவர் எதற்கு மாட்டேன் என்றிருக்கிறார், நல்ல தெளிவான சரி, இழுக்க இழுக்கக் கை இறுகிக்கொண்டுதான் போனது. இந்திராணி இழுப்பதை நிறுத்தினாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் இருந்த ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையின் வாசனை அவளுக்கு வந்திருக்க வேண்டும், மூக்கு லேசாகச் சுருங்கியது, உடனே அதற்கு வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் ஹாரன் அடித்தது. இந்திராணி தலையைத் திருப்பிப் பார்த்தாளே தவிர எழுந்திருக்க முடியவில்லை. “எப்பருந்து மதினி இப்படி?” என்று மெதுவாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் என்று தமயந்தி சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள் இந்திராணி. சொல்லவில்லைதான். நீ கேட்கவில்லை என்று சொல்ல ஒரு வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, அதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று தமயந்தி விட்டுவிட்டாள்.

இந்திராணி மாட்டிக்கொண்டு இருப்பதைப் பார்க்க ஒரு திருப்தி வரும் என்று தமயந்தி எதிர்பார்த்தாள், வந்தால் வரட்டும் என்றுகூட இருந்தாள். வரவில்லை. குற்ற உணர்ச்சியும் வரவில்லை. ஒருவேளை எல்லாம் சேர்ந்து சாயங்காலம் சோப்புப் போடும்போது வரும். “இழுக்காத. மணிக்கட்ட உள்பக்கமா மடக்கு, மெதுவா. தானா விடும்” என்றாள். இந்திராணி இடது கையால் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கினாள், பயந்து பயந்து, உடைந்துவிடும் என்பது மாதிரி. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து திறந்தன. உள்ளே வெற்றிலை கசங்கிக் கறுத்து உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது, பாக்கு அழுத்திய இடம் குழி விழுந்து சிவந்திருந்தது. இந்திராணி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அந்த உள்ளங்கையைத் துடைத்தாள், நகம் பதிந்த தழும்புகளைத் துடைக்கத் துடைக்க அவை போகாதது கண்டு இன்னும் துடைத்தாள். அழுதாள். வழக்கமான அழுகை இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பார்க்க நன்றாக இல்லாத அழுகை. “அபிக்கு நான் என்ன மதினி பதில் சொல்லுவேன்? எங்க கொண்டுபோயி வைப்பேன் பிள்ளைய?” அது நியாயமான கேள்விதான். பிள்ளை எங்கேயாவது பெற்றுத்தான் ஆக வேண்டும். தமயந்தியின் வாயில் அந்தப் பழைய ம் புறப்பட்டு வந்துவிட்டது, தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, இன்னும் ஒரு மூச்சு விட்டால் வெளியே வந்திருக்கும். அவள் நீல உதட்டை நினைத்தாள். ம்மை விழுங்கினாள். விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. “எனக்குத் தெரியல இந்திராணி. ஆனா முடியாது.”

“சரி” என்றார் வேலாயுதம்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் ஆப்பிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே சரிதான், கொசுவுக்கும் கரண்டுக்கும் சொல்கிற சரி, அதில் ஒன்றும் இல்லை என்று தமயந்திக்குத் தெரியும், இப்போது இந்திராணிக்கும் தெரியும். நேற்று அதை இந்திராணி வாங்கிக்கொண்டு போனாள். இன்றைக்குத் தமயந்தி வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் இவளுக்கென்று சொன்ன சரி எது என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. இந்திராணி எழுந்தாள், கறுத்த வெற்றிலையையும் பாக்கையும் முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள், வாங்கிய தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, போயிட்டு வாரேன் என்றும் சொல்லவில்லை. வாசலில் அவள் வண்டிக்காரரிடம் ஏதோ சொல்வது கேட்டது, அவர் திருப்பி ஏதோ கேட்டார், பிறகு தட்டுமுட்டுச் சாமான் உருளுகிற சத்தம் அவள் பின்னாலேயே போய்த் தெரு முனையில் திரும்பியது. எந்தப் பக்கம் திரும்பியது என்று காது போகவில்லை. கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி இருந்தது, கெட்டிப்பட்டிருந்தது, தமயந்தி கரண்டியால் கிளறினாள், கிளறுவது தன் கைதான் என்று தெரிந்தது, கொப்புளம் இருந்த விரல் எரிந்தது. கரண்டியைக் கீழுதட்டில் வைத்து லேசாக அழுத்தினாள். வாய் திறந்தது. அவள் குரல்வளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது ஏறி, இறங்குகிற வரைக்கும்.